மூலையில் ஒரு பொட்டு மஞ்சள்

ஜெர்மனியின் பான் நகரத்தில் நான் முதன்முதலில் பொறாமைப்பட்டது ஒரு துணிப்பையைப் பார்த்துத்தான். பின்னிய கட்டுத்துணிகள், ஒரு துவாலை, ஒரு பருத்திச் சட்டை, சோப்பு, ஊக்கு. எல்லாவற்றையும் உள்ளே வைத்து வாயைத் தைத்துவிடுவார்கள். பைகள் மரப்பெட்டிக்குள் போகும், பெட்டி கப்பலில் ஏறும், கப்பல் சென்னைத் துறைமுகத்தில் போய் நிற்கும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆராய்ச்சியை முடிக்காமல் ஊர்ப்பக்கம் தலைவைக்க முடியாது. ஒரு சோப்புக்கட்டி எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்கிறதே என்று நிஜமாகவே எரிந்திருக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் ஈரோட்டுக்காரி, பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆய்வு மாணவி. ஒரு விதவையம்மாளின் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். அந்த அம்மாள்தான் தேவாலயத்துப் பெண்கள் குழுவுக்குத் தலைவி. புதன்கிழமை பிற்பகல்களில் தேவாலயத்தை ஒட்டிய கூடத்தின் நிலவறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடி, தென்னிந்தியாவில் ஒரு மருத்துவமனையில் இருக்கும் தொழுநோயாளிகளுக்காகக் கட்டுத்துணி பின்னுவார்கள். நான் குடிவந்த இரண்டாவது வாரமே, "இதெல்லாம் உன் ஊருக்குத்தான் போகிறது, வந்து பார்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டார். நான் என்ன மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊசி பிடிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள்.

கட்டுத்துணியைப் போய் ஏன் பின்ன வேண்டும் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. கடையில் விற்கிற மெல்லிய துணி ஒருமுறை கட்டினால் குப்பைக்குத்தான். இது தடித்த பருத்தி நூலில் நெருக்கிப் பின்னுவது. துவைக்கலாம், கொதிக்க வைக்கலாம், மறுபடி மறுபடி கட்டலாம். விரல் இல்லாத கையிலும் நழுவாமல் உட்காரும். ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டேன். எதையும் நான் சீக்கிரம் கற்றுக்கொள்வேன், சரியாகக் கற்றுக்கொள்கிறேனா என்பது வேறு விஷயம். என் கட்டுத்துணி மட்டும் சாரைப்பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். வீட்டுக்கார அம்மாள் ஒன்றும் சொல்லமாட்டார். நான் தேநீர் குடிக்கும் நேரமாகப் பார்த்துப் பாதியைப் பிரித்துவிட்டு, பேசாமல் பின்னித் தந்துவிடுவார்.

ஆனால் அங்கே என் வேலை பின்னல் இல்லை. நான்தான் அவர்களுடைய இந்தியா. சட்டைக்குக் காலர் வேண்டுமா? வேண்டாம், வெயில். நீல நிறத் துவாலையை அவர்கள் தப்பாக நினைப்பார்களா? மாட்டார்கள். சோப்பு வாசனையாக இருக்கலாமா? இருக்கட்டும். எதற்கும் நான் தயங்கியதே இல்லை. தொழுநோய் மருத்துவமனை வாசலைக்கூட மிதித்தவளில்லை நான். பேருந்துக்குள் உட்கார்ந்தபடி ஈரோடு நிலையத்தில் தொழுநோயாளிகளைப் பார்த்ததோடு சரி. ஆனால் அந்த நிலவறையில் நோயாளிகள் எல்லோரும் எனக்குச் சித்தப்பா பெரியப்பா முறை ஆகிவிட்டார்கள். வெந்நீர்க் குழாய் ஓடும் சுவரோரம் என் நாற்காலி. கேக்கில் முதல் துண்டு எனக்கு.

அந்த முதல் வருடம் இன்னொன்றும் கிடைத்தது, கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. அன்றைக்கு ஜெர்மனியில் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். கடை கிடையாது, மாணவர் உணவகம் கிடையாது. அவரவர் குடும்பம், அவரவர் மரம், அவ்வளவுதான். அன்று ஒருவரை வீட்டுக்குள் கூப்பிடுகிறார்கள் என்றால் அது விருந்துக்கு அழைப்பது மாதிரி இல்லை, உறவுக்குள் சேர்ப்பது மாதிரி. வீட்டுக்கார அம்மாளிடம் மரத்துக்குப் பக்கத்தில் போடுகிற சின்ன மேசை ஒன்று இருந்தது. அம்மாளுக்கு, மகனுக்கு, மருமகளுக்கு என்று மூன்று நாற்காலி. நாலாவதில் நான் உட்கார்ந்தேன். உருளைக்கிழங்கு சாலட்டும் வேகவைத்த சாசேஜும் சாப்பிட்டேன். மெழுகுவர்த்தி ஏற்றி அவர்கள் பாடியபோது வார்த்தை தெரியாமல் வாயை அசைத்தேன். அன்றிரவு மாடியேறும்போது எனக்கு ஒரு வீடு இருக்கிறது என்று தோன்றியது.

அடுத்த அக்டோபரில் அவள் வந்தாள்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், என் வயதுதான். நகரத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸாகச் சேர்ந்திருந்தாள். ஊரில் கொஞ்ச காலம் தொழுநோய் மருத்துவமனையிலேயே வேலை பார்த்தவளாம். அதைச் சொன்ன மாத்திரத்தில் எல்லா ஊசியும் நின்றுவிட்டது. ஒரு கட்டுத்துணியை எடுத்தாள், பக்கத்தில் இருந்த பாட்டியம்மாவின் காலில் சுற்றிக் காட்டினாள், "இந்தா, இப்படித்தான் போடுவோம்" என்று அவள் தட்டித்தடவிப் பேசிய ஜெர்மனுக்கு அத்தனை பேரும் தலையாட்டினார்கள். என் ஜெர்மன் அவளுடையதைவிட நூறு மடங்கு தேவலை. அதை யாரும் கவனிக்கவில்லை.

அதோடு விட்டாளா? பிரியும் நேரத்தில் வழக்கம்போல ஒரு பாட்டுப் பாடினார்கள். இரண்டாவது வரியில் அவள் சேர்ந்துகொண்டாள், தமிழில். அதே மெட்டு, அட்சரம் பிசகவில்லை. சின்ன வயதிலிருந்து ஊர்த் தேவாலயத்தில் பாடிய பாட்டாம். வீட்டுக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வருடமாக நான் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த பாட்டு அது.

மறுவாரம் சுவரோர நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். யாரும் வேண்டுமென்று கொடுக்கவில்லை, அவளாகப் பிடிக்கவும் இல்லை. இரவுப் பணி முடித்து வந்தவள் குளிருகிறதே என்று உட்கார்ந்தாள், அவ்வளவுதான். கேக்கின் முதல் துண்டு பழக்கத்தில் நேராக அந்த நாற்காலிக்குப் போயிற்று. சட்டைக்குக் காலர் வைக்கலாமா என்ற கேள்வியும் அங்கேயே போயிற்று. வைக்கலாமே, காலர் வைத்த சட்டை என்றால் எங்கள் நோயாளிகளுக்கு உயிர் என்றாள் அவள்.

இரண்டாவது சந்திப்பிலேயே என்னை ஏட்டி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவர்கள் பக்கத்தில் அது சொந்தம் கொண்டாடுவது. எங்கள் பக்கத்தில் தொட்டில் குழந்தையைக்கூட வாங்க போங்க என்போம். அவள் ஏட்டி என்னும்போதெல்லாம் நான் இன்னும் ஒரு 'ங்க' கூடுதலாகப் போட்டுப் பேசினேன். வாங்க, உட்காருங்க, கேக் எடுத்துக்குங்க. அது மரியாதை இல்லை என்பது தமிழ் தெரிந்த யாருக்கும் விளங்கியிருக்கும். அங்கே தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நவம்பர் தொடக்கத்தில் வீட்டுக்கார அம்மாள் சமையலறையில் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார். இந்த வருடம் கிறிஸ்துமஸ் மாலைக்கு அந்த நர்ஸ் பெண்ணைக் கூப்பிடலாம் என்று நினைக்கிறாராம். போன வருடம் நான் இருந்தேன், இந்த வருடம் அவள், நியாயம்தானே. அவளுக்கு இது சொந்தப் பண்டிகை வேறு. எனக்கோ வெளிநாட்டு மாணவர் சங்கத்தில் ஏதாவது கொண்டாட்டம் இருக்கும். வருத்தம் இல்லையே என்று கேட்டார்.

இல்லவே இல்லை என்றேன். மாடிக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் மேலே. அவள் கீழே, என் நாற்காலியில். பலகைத் தரை. கீழே கரண்டி விழுந்தால் மேலே கேட்கும். தமிழில் பாடினால் வார்த்தை வார்த்தையாகக் கேட்கும்.

அவளிடம் இல்லாதது என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். ஆய்வுக்கூடத்தில் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அடுத்த புதன்கிழமை பதில் கிடைத்தது. முடித்த உருப்படிகளை மேசைமேல் அடுக்கியிருந்தார்கள். வெள்ளைவெளேர் என்று கட்டுத்துணி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துவாலை. பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் புதுத்துணியை இப்படி மொட்டையாகக் கொடுப்பது சாவு வீட்டில் மட்டும்தான்.

எழுந்து நின்று பிரசங்கமே செய்துவிட்டேன். புதுத்துணி எடுத்தால் மூலையில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துத்தான் கையில் கொடுப்போம். மஞ்சள் வைத்த துணி என்றால் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அர்த்தம். மஞ்சள் வைக்காத வெள்ளைத் துணியை ஒரு நோயாளியிடம் நீட்டினால் அவர் என்ன நினைப்பார்? வீட்டில் யாராவது நினைத்துக் கொடுத்த மாதிரி இருக்க வேண்டாமா?

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருடமாக யாரும் சொல்லவில்லையே என்றார் வீட்டுக்கார அம்மாள். அந்தக் குரலில் பழைய இடம் எனக்குத் திரும்பி வருவது தெரிந்தது. நான் நர்ஸைப் பார்த்தேன். மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன், மறுக்க வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவளோ, எங்கள் அம்மாவும் வைப்பாள், போதகர் திட்டினாலும் வைப்பாள் என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

ஹார்லிக்ஸ் போத்தலில் அம்மா அடைத்துக் கொடுத்த ஈரோட்டு மஞ்சள் தூளைக் கொண்டுவர வீட்டுக்கு ஓடினேன். தட்டில் குழைத்தோம். துவாலை மூலை, சட்டையின் கீழோரம், கட்டுத்துணியின் ஒரு முனை, ஒன்றையும் விடவில்லை. கிழவிகள் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஈஸ்டர் முட்டைக்கு வர்ணம் தீட்டுகிற மாதிரி அக்கறையாகப் பொட்டு வைத்தார்கள். அன்று முதல் துண்டு கேக் எனக்கு வந்தது.

அன்று வராதவர் ஒருவர் இருந்தார். குழுவில் சலவைக்குப் பொறுப்பானவர், கண்டிப்பான பெண்மணி. பெட்டிக்குள் போகும் முன் எல்லாத் துணியையும் சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்து அலசிக் காயப்போடுவது அவர் வேலை. ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை நிலவறையில் நுழைந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நீளக் கொடிகளில் வெள்ளைத் துணி தொங்குகிறது. ஒவ்வொன்றிலும் செங்காவியாக ஒரு கறை. சிலவற்றில் கசிந்து வழிந்திருந்தது. கட்டுத்துணிகளைத்தான் பார்க்கவே முடியவில்லை. இன்னும் யாருக்கும் கட்டாத துணி, அதற்குள் புண்ணிலிருந்து அவிழ்த்த மாதிரி ரத்தம்.

சலவைக்காரப் பெண்மணி கொடிக்கடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யார் கையை வெட்டிக்கொண்டது என்று கேட்டார். பிறகு ஒருவர் பின் ஒருவராக என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்கார அம்மாள் கடைசியாகப் பார்த்தார். அவர் பார்த்ததுதான் தாங்க முடியவில்லை.

மஞ்சளில் சோடா மாதிரிக் காரம் பட்டால் சிவக்கும். முதல் வருட மாணவர்களுக்கு மஞ்சள் தோய்த்த காகிதத்தைச் சோடா நீரில் முக்கிக் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. அதைவிடக் கேவலம், இதைக் கற்க எனக்குப் பல்கலைக்கழகமே வேண்டியதில்லை. எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டு ஆரத்தி கரைக்கிறவள் நான்தான். பாத்திரத்தில் தண்ணீர் ரத்தமாக மாறுவதை எத்தனை முறை பார்த்திருப்பேன்.

பக்கத்தில் வந்து நின்ற நர்ஸ், கொடியைப் பார்த்தபடியே, யாருக்கும் கேட்காத குரலில் தமிழில் சொன்னாள்.

"அக்டோபர்ல இருந்து பாக்கேன். நீயே கண்ணு வச்ச, இப்போ நீயே ஆரத்தியும் எடுத்துட்ட. சோலி முடிஞ்சிது ஏட்டி."

எனக்குக் காதெல்லாம் கொதித்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் துண்டு கேக், நாற்காலி, வாங்க போங்க, எல்லாமே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே என்னோடு மஞ்சள் குழைத்திருக்கிறாள். காரத்துக்கு மாற்று அமிலம். வினிகர் வேண்டும் என்று ஜெர்மனில் கத்தினேன். வீட்டில் இருக்கிற வினிகர் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள்.

சாலட்டுக்கும் சிவப்பு முட்டைக்கோசுக்கும் வைத்திருந்த போத்தல்கள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்தன. வாளியில் ஊற்றித் தண்ணீர் கலந்து, ஒரு கட்டுத்துணியை முக்கினேன். ரத்தச் சிவப்பு கண்ணெதிரே கரைந்து, பளிச்சென்று மஞ்சளாகத் திரும்பியது. அத்தனை பேரும் குழந்தைகள் மாதிரி ஓ என்றார்கள். சலவைக்காரப் பெண்மணி மட்டும் ஓ சொல்லவில்லை. தானே ஒன்றை முக்கிப் பார்த்தார், இன்னொன்றை முக்கிப் பார்த்தார், பிறகு சட்டைக்கையை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மாலை முழுக்க முக்கினோம், வெறும் தண்ணீரில் அலசினோம். மஞ்சள் இருக்கட்டும், அது அவர்களுக்குத் தெரிந்த நிறம் என்று வீட்டுக்கார அம்மாள் முடிவு சொன்னார். நிலவறை முழுக்க ஊறுகாய் ஜாடிக்குள் உட்கார்ந்த வாசனை.

எல்லாம் சரியாயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அன்று வீடு திரும்பும் வழியில் அம்மாள் அதிகம் பேசவில்லை. பேசியது ஒன்றே ஒன்று: அந்த நர்ஸ் பெண் எவ்வளவு அமைதியாக இருந்தாள், பார்த்தாயா?

டிசம்பர் பிறந்ததும் என் நாற்காலி எனக்குத் திரும்பிவிட்டது என்று தெரிந்தது. கிறிஸ்துமஸ் மாலைக்கு நர்ஸ் வர முடியாது என்று சொல்லிவிட்டாளாம், நீ வருகிறாயா என்று அம்மாள் கேட்டார். எனக்காக விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த நினைப்பே கசந்தது. யார் கேட்டார்கள் இவளுடைய பெருந்தன்மையை? அடுத்த முறை பார்த்தபோது கேட்டேவிட்டேன்.

"எனக்காகவா வேண்டாம்னு சொன்னீங்க?"

அவள் பின்னலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உனக்காவா? எனக்கு மூணு வீட்ல கூப்புட்டிருக்காவ ஏட்டி. அன்னைக்கு எனக்கு டூட்டி, வார்டுலயே எங்க நர்ஸ் பிள்ளைகளோட கொண்டாடிக்கிடுவேன். உங்க வீட்டுக்கார அம்மா உருளக்கிழங்குல உப்பே இருக்காதாம்லா, நீதான சொன்ன?"

மூன்று வீடு. ஒரு மாதமாக நான் மாடிக் கட்டிலில் உட்கார்ந்து மருகிய இடம் அவளுக்கு மூன்றில் ஒன்று. விட்டுக்கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அந்த மாலை வந்தது. மரம், மெழுகுவர்த்தி, நாலாவது நாற்காலி. இந்த முறை பாட்டின் வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். யாரும் கவனிக்கவில்லை, மருமகள் கர்ப்பமாக இருக்கும் செய்தியில் மூழ்கியிருந்தார்கள். பிறகு அம்மாள் எனக்கு ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். சாம்பல் நிறக் கம்பளி மஃப்ளர், அவரே பின்னியது. பிரித்துப் பார்த்தபோது ஒரு மூலை மஞ்சளாக இருந்தது. சமையலறையில் நான் விட்டிருந்த ஹார்லிக்ஸ் போத்தலைத் திறந்திருக்கிறார். தண்ணீரில் குழைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. உலர்ந்த தூளை விரலால் வைத்துத் தேய்த்திருந்தார். மடியில் கொஞ்சம் உதிர்ந்தது.

இன்னொரு பொட்டலத்தையும் எடுத்தார். அதே காகிதம், அதே நாடா. நர்ஸுக்கு. டிராம் ஓடுகிற நேரம்தான், கேக்கோடு சேர்த்து நீ கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறாயா?

டிராமில் நான் ஒருத்திதான் பயணி. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தேன். இதுவும் மஃப்ளர்தான். நிறம் தெரியவில்லை. இதன் மூலையிலும் மஞ்சள் இருக்குமா? இருந்தால் என்னுடையதைவிடப் பெரியதா? நாடாவைக் கொஞ்சம் நகர்த்தினால் தெரிந்துவிடும். நகர்த்தவில்லை. ஆனால் விரலை அங்கிருந்து எடுக்கவும் இல்லை.

வார்டுக்கு வெளியே நடைபாதையில் நின்றே அவள் பிரித்தாள். அதே சாம்பல் நிறம், அதே பின்னல். என் கழுத்தில் இருந்ததைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. என் மஃப்ளரின் மூலையைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள். தன்னுடையதின் நாலு மூலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஏன் வைக்கல?"

நான் யோசித்துச் சொன்னேன். "நீங்க வேதக்காரங்க. உங்களுக்கு வேண்டாம்னு நெனச்சிருப்பாங்க."

"அதுக்கு? நான் என்ன, தமிழச்சி இல்லியா? அம்மா வைப்பான்னு அவியகிட்ட நாந்தான சொன்னேன்?"

அவள் முகம் அப்படிச் சுண்டி நான் பார்த்ததே இல்லை. அந்த நிலவறையில் ரத்தக் கறைக்கு நடுவில்கூட அசையாத முகம். மூன்று வீட்டு அழைப்பை ஒன்றுமில்லாதது போலச் சொன்னவள், ஒரு விரல் மஞ்சளுக்காக நடைபாதையில் நின்று மூக்கை உறிஞ்சினாள். எனக்கு இனித்தது. கேக்கைவிட இனித்தது.

நாளைக்கு அந்த மஞ்சளை எடுத்துக்கொண்டு வா, நீயே வை என்றாள்.

மறுநாள் நர்ஸ்கள் விடுதியில் அவள் அறைக்குப் போனேன். தேநீர்க் கோப்பையின் தட்டில் மஞ்சளைப் போட்டு, பக்குவமாகத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மஃப்ளரின் மூலையை என் பக்கம் நீட்டினாள். நான் வலது கை மோதிர விரலால் தொட்டு வைத்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். என் கழுத்தில் இருந்ததையும் பார்த்தாள்.

"இம்புட்டுதானா?"

"போதுமுங்க" என்றேன்.